வத்திராயிருப்பிலிருந்து ஓர் இயற்பியல் பேராசிரியர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டுச் சந்திப்பைக் காரியாபட்டியில் வைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நான் இந்த ஊர்க்காரன். இங்கிருந்தும், மல்லாங்கிணறு, திருச்சுழி, நரிக்குடிப் பக்கமிருந்தும் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப் பேராவது இருப்பீர்கள். மானாவாரி நிலத்தில் பருத்தியும் மிளகாயும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம்.

செயலாளர் தம்பி என் பழைய மாணவர். "சார், இயற்பியல் பேராசிரியரா இருந்து பல்கலைக்கழக நிர்வாகத்துக்குப் போனவர் நீங்க. அந்த அனுபவத்தைப் பேசுங்க" என்றார். என் அனுபவம் என்ன பெரிய அனுபவம்? வினாத்தாள் கட்டு, பட்டமளிப்பு விழாப் பந்தல், ஒரு கால்வனாமீட்டரைப் பழுதுபார்க்க ஏழு கையெழுத்து. அதைக் கேட்க நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டியதில்லை. அதே பாதையில், என்னைப் போல் நூறு பேர் சேர்ந்தாலும் ஈடாகாத அளவில் நடந்த ஒருவர் நம் மாவட்டத்திலேயே பிறந்திருக்கிறார். அவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தம்பியும் சரி என்றார். பேச்சின் கடைசியில் நுழைவாயில் வளைவு விஷயத்துக்கும் வருவேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் கே.எஸ்.கிருஷ்ணன். அந்த 'கே' என்ன தெரியுமா? கரியமாணிக்கம். காரியாபட்டிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் ஊருக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை, அது பெருமாள் பெயர். 1898 டிசம்பர் 4-ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். நம் பக்கம் போல் காய்ந்த பூமி இல்லை அது; நெல்லும் தென்னையும் உள்ள ஊர். தகப்பனார் விவசாயி, தமிழிலும் வடமொழியிலும் நல்ல புலமை உள்ளவர். ஊர்ப் பள்ளியில் திருமலைக் கொழுந்துப் பிள்ளை என்று ஓர் ஆசிரியர். விஞ்ஞானி என்று யாரும் அவரைச் சொல்லமாட்டார்கள். ஆனால் எந்தப் பாடமானாலும் கையில் கிடைத்த சாமானை வைத்துச் செய்து காட்டிவிடுவாராம். உலகம் சுற்றி, பட்டங்கள் வாங்கிய பிறகும் கிருஷ்ணன் அவரை நினைவுகூர்ந்திருக்கிறார். இங்கே முன்வரிசையில் இருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்காக இதைச் சொன்னேன்.

பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. இயற்பியலில் பட்டம் வாங்கினார். கிடைத்த முதல் வேலை என்ன? வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். படித்தது ஒன்று, கிடைத்த வேலை ஒன்று. அந்தப் பதவியில் இருப்பவருக்கு வகுப்பு கிடையாது. சோதனைக் குழாயை எடுத்துக் கொடுக்க வேண்டும், மாணவர் தப்பாகச் செய்தால் திருத்த வேண்டும், அவ்வளவுதான். நம் கல்லூரியிலும் அப்படி இருந்தவர்களை நமக்குத் தெரியும். அவர்கள் பெயர் மலரில் அச்சாவதில்லை.

கிருஷ்ணன் என்ன செய்தார் என்றால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூட்டம் போட ஆரம்பித்தார். இயற்பியல், வேதியியல், கணிதம் எதில் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, பரீட்சை கிடையாது. கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போகவில்லை; பட்டணத்துக்குள்ளேயே இருந்தது. நடந்தே வந்திருப்பார்கள். அதிகாரம் எதுவும் இல்லாத ஓர் இளைஞர், ஒரு மேசையை வைத்துக்கொண்டு, ஒரு கல்லூரிக்குள் இன்னொரு கல்லூரியை நடத்தியிருக்கிறார். பின்னாளில் அவர் வகித்த பதவிகள் எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கல்கத்தாக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1920-களின் தொடக்கத்தில் சர் சி.வி.ராமனைத் தேடிப் போனார். அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவரோடு சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் சூரிய ஒளியைத் திரவங்களுக்குள் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் நிறம் மாறிய ஒரு பகுதி இருப்பதைக் கண்ணால் பார்த்துக் குறித்தவர் கிருஷ்ணன். ஏறக்குறைய 60 திரவங்கள். 'நேச்சர்' இதழில் அந்த மார்ச் கடைசியில் வந்த கட்டுரையில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்களும் இருக்கின்றன. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். நம் பக்கத்தில் சிலர், "நம்ம ஆளை ஏமாத்திட்டாங்க" என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1921-லிருந்து அந்தச் சிதறலை விடாமல் துரத்தியவர் ராமன். நோபல் உரையில் கிருஷ்ணன் பெயரை அவர் சொல்லவும் செய்தார். ஆனால் பிப்ரவரி 28 அறிவியல் நாள் விழாவுக்குக் கல்லூரியில் ஒரு படம் மட்டும் மாட்டுகிறோமே, பக்கத்தில் இன்னொரு படமும் மாட்டலாம். செலவு சட்டம் போட்டால் இருநூறு ரூபாய்.

நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது டாக்காவைப் பற்றி. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகப் போனார். துறையில் சத்தியேந்திரநாத் போஸ் இருந்தார். கிருஷ்ணன் அங்கே எடுத்துக்கொண்ட வேலை, படிகங்களின் காந்தத் தன்மை. ஒரு படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி காந்தத்துக்கு மசிவதில்லை. ஒரு திசையில் கூட, ஒரு திசையில் குறைவு. அந்த வித்தியாசம் மிக மிகச் சிறியது. அதை எப்படி அளப்பது?

ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டார்கள், இரண்டு காந்த முனைகளுக்கு நடுவில். படிகம் தனக்குப் பிடித்த திசையில் திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். இழை இழுக்கும், காந்தம் விடாது. வீம்புக்காரக் கிடா மாதிரி படிகம் கொஞ்சம்தான் நகரும். திருகிக்கொண்டே போனால், படிகம் காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்த இடத்தில் காந்தத்தின் பிடி உச்சத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் அதனால் பிடிக்க முடியாது. படிகம் சட்டென்று புரண்டுவிடும். அந்தப் புரட்டல் நடக்கும்போது மேல்முனையை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்று பார்த்தால் போதும், கணக்கு வந்துவிடும். ஓர் இழை, ஒரு காந்தம், ஒரு பாகைமானி, நிறையப் பொறுமை. பி.எஸ்சி. செய்முறையில் டார்ஷன் ஊசல் செய்தவர்கள் யாருக்கும் இது புரியும்.

இதை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்? பீரோவில் போடுகிறோமே பூச்சி உருண்டை, அந்த நாப்தலீன் போன்ற பொருள்களின் மூலக்கூறுகள் படிகத்துக்குள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காந்தத்தைக் கொண்டே சொல்ல முடிந்தது. எக்ஸ் கதிரில் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த லண்டன் விஞ்ஞானி கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-இல் கட்டுரை எழுதினார்கள். பின்னர் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டையும் விடவில்லை. அதன் தகடுகளுக்குக் குறுக்கே காந்தத்தை வைத்தால் விலகுவது மிக அதிகம், தகட்டின் வாக்கில் மிகக் குறைவு. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் நியோடிமியம் காந்தத்தை எடுத்து, நூலில் தொங்கும் பென்சில் ஊக்குக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பாருங்கள். தொடாமலேயே ஊக்கு ஒதுங்கிப் போகும். வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். செல்போனைக் கீழே வைத்துவிடுவார்கள், ஐந்து நிமிடமாவது.

1933-இல் கல்கத்தாவுக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். மேக்நாத் சாகா கல்கத்தாவுக்குப் போய்விட்ட பிறகு அந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய ஆசிரியர் இவர். அங்கே படித்த ஹரிஷ்-சந்திரா என்ற மாணவரை அடையாளம் கண்டு, பெங்களூரில் ஹோமி பாபாவிடம் அனுப்பி வைத்தார். அந்த மாணவர் பின்னாளில் பிரின்ஸ்டனில் உலகின் பெரிய கணித மேதைகளில் ஒருவரானார். ஒரு துறைத் தலைவர் எழுதும் சிபாரிசுக் கடிதத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இனித்தான் நிர்வாகம் வருகிறது. 1947 ஜனவரி 4-ஆம் நாள் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். 1950 ஜனவரி 21-இல், குடியரசு நாளுக்கு ஐந்து நாள் முன்னால், சர்தார் பட்டேல் திறந்து வைத்தார். 1961 ஜூனில் காலமாகும்வரை இவர்தான் இயக்குநர். இடையில் 1948-இல் அணுசக்திக் குழுவின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர், 1949-இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவர், 1954-இல் பத்மபூஷண், பட்நாகர் பரிசைப் பெற்ற முதல் ஆள். இந்தப் பட்டியலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பட்டியலைக் கேட்டால் சாப்பாட்டு வாசனைதான் ஞாபகம் வரும்.

அந்த ஆய்வுக்கூடத்துக்கும் காரியாபட்டிச் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. நம் தாத்தாக்கள் மிளகாயை வீசைக் கணக்கில் போட்டார்கள், பருத்தியைத் துலாம் கணக்கில். ஊருக்கு ஊர் கல் மாறும். வியாபாரம் செய்யும் அண்ணாச்சிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சில இடங்களில் வாங்கும் கல் வேறு, விற்கும் கல் வேறு. 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் கிலோ நடைமுறைக்கு வரத் தொடங்கியது. இந்தக் கிலோ என்றால் எவ்வளவு என்று தேசத்துக்குச் சொல்ல ஒரு மூலக்கல் வேண்டுமே? பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளை, 57-ஆம் எண், அந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில்தான் இருந்தது. 2019 மே 20 முதல் கிலோவை உலோகக் கட்டியால் அல்லாமல் பிளாங்க் மாறிலியால் வரையறுக்கிறார்கள். ஆனால் நம்மூர்த் தராசுக்கு டில்லி வரை ஒரு சங்கிலி இருக்கிறது என்பது மாறவில்லை. விளைவித்தவன் ஏமாறாமல் இருப்பதற்கு இயற்பியல் எவ்வளவு தேவை என்பது பருத்தி மூட்டையைத் தலையில் சுமந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும். ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிறார்களே மை, 1962 பொதுத் தேர்தலில் வந்தது, அதுவும் அந்த ஆய்வுக்கூடத்தில் உருவானதுதான். (நூல் மில்லில் வேலை பார்ப்பவர்கள் சிரிப்பது தெரிகிறது. 840 கெஜச் சிட்டம் 40 சேர்ந்து ஒரு பவுண்டு நின்றால் 40-ஆம் நம்பர் நூல். அருப்புக்கோட்டை மில்களுக்குள் மெட்ரிக் முறை இன்னும் முழுசாக நுழையவில்லை!)

ஒரு விஞ்ஞானி நிர்வாகத்துக்குப் போனால் விஞ்ஞானம் செத்துவிடும் என்று சொல்வார்கள். ராமனே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1933-இல் இயக்குநராகி, நிர்வாகக் குழுவோடு ஒத்துப் போகாமல் 1937-இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிப் பேராசிரியராக மட்டும் இருந்தார். கிருஷ்ணன் பதினான்கு ஆண்டு இருந்தார். இருந்ததோடு இல்லை, சூடேறிய உலோக இழையிலிருந்து எலக்ட்ரான்கள் எப்படிக் கிளம்புகின்றன, மின்சாரத்தால் சூடாகும் ஒரு மெல்லிய கம்பியில் நடுவில் எவ்வளவு சூடு, ஓரத்தில் எவ்வளவு என்றெல்லாம் இளைஞர்களோடு சேர்ந்து கட்டுரை எழுதிக்கொண்டே இருந்தார். இயக்குநர் அறையில் உட்கார்ந்தும் அந்த மதிய மேசையை அவர் விடவில்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன். டாக்காவில் செய்தது போன்ற பெரிய வேலை டில்லியில் வந்ததா என்று கேட்டால், வரவில்லை என்பது என் எண்ணம். நிர்வாகம் தன் கூலியை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் முழுவதையும் எடுத்துக்கொள்ள அவர் விடவில்லை.

இன்னொரு இயற்பியல் பேராசிரியர், டில்லிப் பல்கலைக்கழகத்து டி.எஸ்.கோத்தாரி. 1961 முதல் 1973 வரை பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர். 1964-66 கல்விக் குழு அவர் தலைமையில்தான் நடந்தது. அதிலிருந்து வந்தது பத்து, இரண்டு, மூன்று என்ற கணக்கு. 1978-இல் தமிழ்நாட்டில் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்ததே, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்கள் இங்கே கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓர் இயற்பியல்காரர் இழுத்த கோடு அது.

நான் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் ஒன்று மட்டும் பிடிவாதமாகச் செய்தேன். திங்கட்கிழமை முதல் மணி எனக்கு வகுப்பு. முதலாண்டு மாணவர்களுக்கு, அளவீட்டில் வரும் பிழைகள் பற்றிய பாடம். துணைவேந்தர் கூட்டமானாலும் பத்து மணிக்கு மேல்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்கு எதுக்கு சார் இது?" என்று கேட்டவர்கள் உண்டு. கிருஷ்ணனைப் பற்றிப் படித்ததன் பலன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் யார் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு மணி நேரம் போகும்.

இன்று காலையில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். நரிக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம்; வீட்டில் முதல் பட்டதாரி. "சார், பிசிக்ஸ் படிச்சா என்ன சார் ஆகலாம்? எல்லாரும் கம்ப்யூட்டர் எடுத்திருக்கலாம்லங்கிறாங்க. நான் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன்" என்றாள். வங்கிப் பரீட்சையை விடு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு அடுப்பு எரிய வேண்டும். கிருஷ்ணனும் கிடைத்த வேலையில் முதலில் சேர்ந்தவர்தான். ஆனால் பேச்சுவாக்கில் அந்தப் பெண் இன்னொன்று கேட்டாள். "கரண்ட் கம்மியா வந்தா மோட்டார் சும்மாதானே சார் இருக்கணும், ஏன் சார் காயில் எரியுது? எங்கப்பாவுக்கு ரெண்டு தடவை போயிருச்சு." அருமையான கேள்வி! மின்னழுத்தம் குறைந்தாலும் தண்ணீரை இழுக்கும் பாரம் குறைவதில்லை. அதை இழுக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை வாங்குகிறது, கம்பி சூடாகிக் காயில் போகிறது. மூன்று வருஷமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்க ஓர் இடம் இல்லை. வகுப்பில் கேட்டால் பாடம் முடியாது, வெளியில் கேட்டால் ஆள் இல்லை. இயற்பியல் துறையில் முதலாண்டு பெஞ்சு பாதி காலியாக இருக்கிறது என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள். இப்படியே போனால் அடுத்த சந்திப்பில் அந்தத் துறை இருக்குமா என்பதே சந்தேகம்.

இப்போது வளைவுக்கு வருகிறேன். நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்ட வேண்டும், கிரானைட்டில் நன்கொடையாளர் பெயர் பொறிக்க வேண்டும் என்று செயற்குழுவில் பேச்சு. நான் வளைவுக்கு எதிரியில்லை. பெயர் கல்லில் இருப்பதில் தப்பும் இல்லை. டில்லியில் அந்த ஆய்வுக்கூடம் இருக்கும் சாலைக்கே கிருஷ்ணன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வளைவு ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும் என்று கேட்கிறேன். ஸ்பெக்ட்ரோமீட்டர் இருட்டறைக்குப் பக்கத்து அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. அதைச் சுத்தம் செய்து ஒரு பெரிய மேசை, இருபது நாற்காலி, ஒரு கரும்பலகை, கொஞ்சம் காந்தம், லென்சு, மீட்டர் வாங்கிப் போடுவோம். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்சோடு வரலாம். எந்தத் துறை மாணவரும் வரலாம், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வரலாம். மின்வாரியப் பொறியாளர், மில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர், சாயப்பட்டறை வைத்திருப்பவர், போர்வெல் போடுபவர், கணக்கு டீச்சர் எல்லாரும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். வாரம் ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். பேச வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லி, அடுத்த வாரம் தெரிந்துகொண்டு வரலாம்.

முதல்வர் அவர்களிடம் நேற்றே கேட்டுவிட்டேன். அறையைத் தருகிறேன், ஆனால் சங்கத்தின் சார்பில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார். முதல் நான்கு வியாழன் நான் வருகிறேன். காரியாபட்டியிலிருந்து பஸ் இருக்கிறது. ஐந்தாவது வியாழனிலிருந்து யார் யார், அறைச் சாவி யாரிடம் இருப்பது என்பதை மட்டும் இலை போடுவதற்கு முன்னால் பேசி முடித்துவிட்டால் நல்லது. வாசல் பக்க மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அந்த மாணவிதான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். பெயரும் தேதியும் அவளிடம் சொன்னால் எழுதிக்கொள்வாள்.